எண்ணியது யார், எதை, எப்படி

பெருந்திரளாக மக்கள் மாண்டுபோன நிகழ்வுகளைப் பற்றிய விவாதங்களில் நான் பல ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போய் ஒரே இடத்தில் முட்டி நின்றுவிடுகின்றன. ஒருவர் ஓர் எண்ணிக்கையைச் சொல்வார். மற்றவர் ஆதாரம் கேட்பார். ஆதாரம் காட்டப்பட்டதும் பேச்சு இறந்தவர்களை விட்டு விலகி, அந்த ஆதாரத்தின் குலம் கோத்திரத்தை விசாரிக்கத் தொடங்கிவிடும். அரசு ஆவணம் என்றால் அது மறைக்கத்தான் செய்யும் என்பார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சொன்னது என்றால் துயரத்தில் கூட்டித்தான் சொல்வார்கள் என்பார்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதற்கென்று ஒரு நோக்கம் இருக்கும் என்பார்கள். இந்த மூன்றும் ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு ஓர் எண்ணைக்கூட ஏற்கவோ தள்ளவோ முடியாது என்பதுதான் என் உறுதியான கருத்து.

நம்பகத்தன்மை என்பது ஓர் ஆதாரம் பிறக்கும்போதே கொண்டுவரும் குணம் அன்று. அந்த ஆதாரம் எதை எண்ணியது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எண்ணியது, எந்த நிலப்பரப்புக்குள் எண்ணியது, தான் சொல்வதை அது எந்த வழியில் அறிந்திருக்க முடியும் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான், அந்த ஒரு தகவலைப் பொறுத்தவரை அதை நம்பலாமா என்று பேசவே முடியும். ஒரே ஆவணம் ஒரு கேள்விக்கு மிகச் சிறந்த சாட்சியாகவும் அடுத்த கேள்விக்கு ஒன்றுக்கும் உதவாததாகவும் இருக்கலாம்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்தது. அங்கே இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் வந்த வழியைப் பின்தொடர்ந்தால் ஒரே ஒரு தாளில் போய் நிற்போம். 1945 மார்ச் மாதத்தில் அங்கிருந்த காவல் நிர்வாகம் எழுதிய ஆணை ஒன்றில், அதுவரை மீட்கப்பட்ட உடல்கள் 20,204 என்றும் மொத்தம் 25,000 வரை போகக்கூடும் என்றும் இருந்தது. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்க்கப்பட்டு, 2,02,040 என்றும் 2,50,000 என்றும் மாற்றப்பட்ட பிரதிதான் நெடுங்காலம் கைமாறிக்கொண்டிருந்தது. திருத்தப்படாத பிரதியும் அதே காலத்து வேறு காவல்துறை அறிக்கைகளும் பிற்பாடு அகப்பட்டபோது மோசடி வெளிப்பட்டது. நகராட்சி அமர்த்திய வரலாற்றாளர் குழு பல ஆண்டுகள் உழைத்து, இடுகாட்டுப் பதிவுகள், இறப்புப் பதிவுகள் அனைத்தையும் ஒப்பிட்டு, 2010ஆம் ஆண்டில் தன் இறுதி முடிவை அறிவித்தது: அதிகபட்சம் 25,000 பேர். அகதிகள் கணக்கில் வரவில்லை, உடல்கள் சாம்பலாகிப் போயின என்ற வாதங்களையும் அந்தக் குழு தட்டிக்கழிக்காமல் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது.

இந்த வரலாற்றை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்து நூல்கள் ஒரே எண்ணைச் சொல்லும்போது நமக்குப் பத்து சாட்சிகள் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அந்தப் பத்தும் ஒரே தாளைப் பார்த்து எழுதப்பட்டவை என்றால் சாட்சி ஒன்றுதான். அந்த ஒன்றும் போலியாக இருக்கலாம். ஆகையால் யாராவது மேற்கோள்களை அடுக்கினால், அவற்றுள் எவை ஒன்றையொன்று பார்க்காமல் தாமாகவே எண்ணியவை என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு கேள்வியிலேயே பல விவாதங்கள் முடிந்துவிடும்.

எண்ணிக்கை குறைக்கப்படும்போது பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்பவர்களுக்கு எழும் அச்சத்தை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன். இன்று குறைத்தவர்கள் நாளை மறுப்பார்கள் என்பதுதான் அந்த அச்சம். அது வெறும் கற்பனையும் அன்று. போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் நாற்பது லட்சம் பேர் கொல்லப்பட்டதாக 1945இல் சோவியத் ஆணையம் அறிவித்தது. நினைவிடத்துக் கல்வெட்டுகளிலும் அந்த எண்ணே பொறிக்கப்பட்டிருந்தது. அங்கே அமைந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றாளர் பிரான்சிஷெக் பிப்பர், ஐரோப்பாவின் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வந்த ரயில்களின் கணக்கைச் சேர்த்து, முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 13 லட்சம், வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டவர்கள் சுமார் இரண்டு லட்சம் என்று கணித்து, குறைந்தது 11 லட்சம் பேர் அங்கே மாண்டார்கள் என்று நிறுவினார். உடனே, யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று சொல்லும் மறுப்பாளர்கள், அப்படியானால் யூதர்களின் மொத்த இழப்பான அறுபது லட்சத்திலிருந்து முப்பது லட்சத்தைக் கழியுங்கள் என்று கூச்சலிட்டார்கள்.

அந்தக் கூச்சலுக்கான விடை கணக்கிலேயே இருக்கிறது. யூதர்களின் மொத்த இழப்பைக் கணித்த ஆய்வாளர்கள் சோவியத் ஆணையத்தின் நாற்பது லட்சத்தைப் பயன்படுத்தவே இல்லை. வரலாற்றாளர் ரௌல் ஹில்பர்க் 1961இலேயே ஆஷ்விட்ஸில் மாண்ட யூதர்கள் பத்து லட்சம் அளவு என்று கொண்டு, மொத்தத்தை 51 லட்சம் என்று கணித்திருந்தார். நாடு நாடாகப் போருக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகையை ஒப்பிட்டு வந்த கணக்குகளுக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் தொடர்பே கிடையாது. கல்வெட்டு மாறியபோது மொத்தம் அசையவில்லை. எந்த எண் எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்று தெரிந்திருப்பவரை மறுப்பாளர் ஏமாற்ற முடியாது. அது தெரியாமல் பெரிய எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்பவர்தான் அவரிடம் எளிதில் அகப்படுகிறார்.

போஸ்னியாவில் நடந்தது இதைவிடவும் எனக்கு நம்பிக்கை தருவது. 1992 முதல் 1995 வரை நடந்த போரில் இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் பேர் இறந்ததாகப் போர்க் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வந்தது. சரயேவோவில் மிர்சாத் தோகாச்சா தலைமையில் இயங்கிய ஆய்வு, ஆவண மையம் இறந்த ஒவ்வொருவரையும் பெயர், ஊர், இறந்த நாள், இடம் ஆகியவற்றோடு பதியத் தொடங்கியது. 2007இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் 97,207 பெயர்கள் இருந்தன. அந்தப் போரின் குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்தின் மக்கள்தொகை ஆய்வாளர்கள் வேறு வழியில் தனியே கணக்கிட்டு ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணுக்கே வந்து சேர்ந்தார்கள். தோகாச்சா மீது சொந்த மக்களிடமிருந்தே கடுமையான வசைகள் விழுந்தன. துரோகி என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பட்டியல் வந்த பிறகுதான், இறந்த பொதுமக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவர்கள் போஸ்னிய முஸ்லிம்கள் என்பதை யாரும் அசைக்க முடியாதபடி சொல்ல முடிந்தது. இரண்டரை லட்சம் என்ற உருண்டை எண்ணைக் கொண்டு அதைச் சொல்லவே முடியாது. யார், எங்கே, எந்த நாளில் என்ற விவரம் அதற்குள் இல்லை.

கொன்றவர்களே எழுதிவைத்த ஆவணங்களைப் பற்றி ஒரு தனிப் பேச்சு தேவை. கொலையாளியின் கணக்கை நம்புவதா என்று கேட்பது இயல்பு. எனக்கு அது எழுதப்பட்ட நோக்கம் முக்கியம். 1971இல் கிழக்கு வங்கத்தில் நடந்த கொலைகளைப் பற்றிப் பாகிஸ்தானின் ஹமூதுர் ரஹ்மான் ஆணையம் சொன்ன 26,000 என்ற எண், ராணுவத் தலைமையகம் தந்த தகவலின் மேல் நின்றது. தாங்கள் செய்ததற்குப் பதில்சொல்ல வேண்டிய நிலையில் இருந்த அமைப்பு தந்த எண் அது. இதற்கு நேர்மாறானது 1943 ஜனவரி 11ஆம் தேதி ஹெர்மன் ஹோஃப்ளே என்ற நாஜி அதிகாரி அனுப்பிய ரகசியத் தந்தி. போலந்திலிருந்த நான்கு முகாம்களுக்கு 1942 முடிவுவரை கொண்டுவரப்பட்ட யூதர்கள் 12,74,166 பேர் என்று அது சொல்கிறது. பிரிட்டிஷ் உளவுப் பிரிவு அதை அப்போதே இடைமறித்துப் படித்திருந்தும், எதைப் பற்றியது என்று உணரவில்லை. காப்பகத்தில் 2000ஆம் ஆண்டில்தான் வரலாற்றாளர்களின் கண்ணில் பட்டது. மேலிடத்துக்கு வேலையின் அளவைத் தெரிவிக்க எழுதப்பட்ட அந்தத் தந்திக்குக் கூட்டவோ குறைக்கவோ காரணம் இருக்கவில்லை. வெளியே காட்டுவதற்காகச் செய்த கணக்கும், உள்ளுக்குள் நிர்வாகத்துக்காக வைத்த கணக்கும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தாலும் ஒரே தரத்தவை ஆகா.

அப்படிப்பட்ட உட்கணக்குக்கும் எல்லை உண்டு. ஸ்டாலின் காலத்துப் பெரும் களையெடுப்பில், 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்று சோவியத் பாதுகாப்புத் துறையின் உள் ஆவணம் சொல்கிறது. காப்பகங்கள் திறந்தபோது வெளிவந்த இந்த எண்ணை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அடித்தளமாகக் கொள்கிறார்கள். ஆனால் அதே அரசின் கட்டாய உழைப்பு முகாம்களின் இறப்புப் பதிவேட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சாகும் தறுவாயில் இருந்த கைதிகளை விடுதலை செய்து அனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது. வெளியே போய் இறந்தவர் முகாமின் ஏட்டில் ஏறமாட்டார். அங்கே யாரும் பொய் எழுதியிருக்கத் தேவையில்லை. ஏட்டின் எல்லை முகாமின் வாசலோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பஞ்ச மரணங்களுக்கு வரும்போது கேள்விகள் இன்னும் நுட்பமாகின்றன. என்னை அதிகம் ஆட்கொண்ட பகுதியும் இதுவே. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவரின் உடலில் குண்டு இருக்கும். பஞ்சத்தில் இறந்தவர் மலேரியாவில், காலராவில், அம்மையில், வயிற்றுப்போக்கில் இறந்ததாகவே பதிவாவார். ஆகவே பஞ்சத்தால் இறந்தவர்கள் என்று எங்கும் ஒரு பட்டியல் இருக்காது. அந்தப் பஞ்சம் வராமலிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணித்து, உண்மையில் இறந்தவர்களின் தொகையிலிருந்து அதைக் கழித்தால் வரும் மிகை மரணங்களைத்தான் பஞ்சச் சாவு என்கிறோம். கழிக்கும் எண், கழிபடும் எண் ஆகிய இரண்டிலும் கருத்து வேறுபாட்டுக்கு இடம் உண்டு.

1943இன் வங்கப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1945இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணை ஆணையம் 15 லட்சம் என்றது. அமர்த்தியா சென் 30 லட்சம் அளவு என்று கணித்தார். மக்கள்தொகை ஆய்வாளர் அரூப் மகாரத்னா 21 லட்சத்தை ஒட்டிய எண்ணைத் தந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர்கள் பஞ்ச காலத்திலேயே செய்த கள ஆய்விலிருந்து 35 லட்சம் என்ற எண் வந்தது. இவற்றைப் பார்த்து, ஒருவர் ஏகாதிபத்தியத்துக்கு வக்காலத்து வாங்குகிறார், இன்னொருவர் தேசிய உணர்ச்சியில் கூட்டுகிறார் என்று முடிவுகட்டுவது மிக எளிது. அப்படித்தான் பலரும் செய்கிறார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. ஆணையம் 1943ஆம் ஆண்டையும் 1944இன் முதல் பாதியையும் மட்டுமே எடுத்துக்கொண்டது. சென் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் மரண விகிதம் உயர்ந்தே இருந்ததைக் காட்டி, அந்த ஆண்டுகளையும் சேர்த்தார். பட்டினி தணிந்த பிறகும், மெலிந்துபோன உடல்களைக் கொள்ளைநோய்கள் தொடர்ந்து கொண்டுபோயின. சாவின் உச்சமே 1943இன் கடைசி மாதங்களில்தான் வந்தது. பல்கலைக்கழக ஆய்வு மிக மோசமாகத் தாக்கப்பட்ட பகுதிகளில் நடந்தது. அங்கு கண்ட விகிதத்தை மாகாணம் முழுவதற்கும் விரித்ததால் எண் உயர்ந்தது. இன்னொரு பக்கம், ஆணையம் நம்பியிருந்த இறப்புப் பதிவு, கிராமக் காவலரான சௌகிதார் வந்து சொல்வதைக் கொண்டு எழுதப்படுவது. பஞ்சத்தில் சௌகிதார்களே இறந்துபோனார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். மரணம் மிக அதிகமாக இருந்த இடத்தில்தான் மரணத்தைப் பதிகிற கையும் இல்லாமல் போயிற்று. வழியோரத்தில் விழுந்து இறந்தவர்களுக்கு ஊரும் இல்லை, பதிவும் இல்லை. ஆணையத்தின் உறுப்பினராக இருந்து அந்த எண்ணிக்கையைத் தயாரிப்பதில் பெரும்பங்கு வகித்த உணவியல் அறிஞர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அது குறைமதிப்பீடுதான் என்றும் வழியோரச் சாவுகளுக்கு உரிய இடம் தரவில்லை என்றும் எழுதினார். தான் போட்ட கணக்கைத் தானே திறந்து பார்த்த அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

சீனாவில் 1959 முதல் 1961 வரை நீடித்த பெரும்பஞ்சத்துக்கும் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை எண்கள் சொல்லப்படுகின்றன. அந்த இடைவெளியில் ஒரு பெரும்பகுதி, பஞ்சத்துக்கு முந்தைய இயல்பான மரண விகிதமாக எதை வைப்பது என்பதிலிருந்து வருகிறது. அரசுப் புள்ளிவிவரம் 1957இல் ஆயிரத்துக்கு 10.8 பேர் இறந்தார்கள் என்கிறது. 1960க்கு அது தரும் எண் 25.4. இரண்டு ஆண்டுகளிலும் பதிவாகாத சாவுகள் உண்டு. ஆனால் எந்த ஆண்டில் எவ்வளவு விடுபட்டது என்பதைப் பொறுத்து முடிவு கோடிக்கணக்கில் நகர்ந்துவிடும். அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற வித்தியாசமே ஓராண்டுக்கு ஆறு லட்சம் உயிர்கள்.

இப்படி எண்கள் சிதறிக் கிடக்கும்போது, சண்டையை முடித்துவைக்க விரும்பும் நல்லவர்கள் சொல்லும் யோசனை, இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம் என்பது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். டிரெஸ்டனில் 25,000க்கும் இரண்டரை லட்சத்துக்கும் நடுவில் எடுத்தால் மோசடிக்குப் பாதிப் பங்கு கொடுத்ததாகும். வங்கத்தில் 15 லட்சத்துக்கும் 35 லட்சத்துக்கும் நடுவில் எடுத்தால், ஒன்று கால எல்லையால் குறைந்தது, மற்றொன்று இடத் தேர்வால் கூடியது என்ற உண்மையையே மறைத்துவிடுகிறோம். இரண்டு வேறு வகைப் பிழைகளைக் கூட்டி வகுத்தால் உண்மை வந்துவிடாது. நடுநிலை என்பது கணக்கிடும் முறையில் இருக்க வேண்டும். விடையில் அதை வலிந்து கொண்டுவரக் கூடாது.

பெயர்ப் பட்டியல்களை நான் மேலே உயர்த்திச் சொன்னேன். ஆனால் பட்டியல் எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் அதையும் ஏற்கக்கூடாது. ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13 அன்று 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசு ஏற்றுக்கொண்ட 379 என்ற எண், இறந்தவர்களின் பெயர்களைத் தெரிவிக்கும்படி மக்களைக் கேட்டுத் திரட்டப்பட்டது. கேட்டதோ மாதக்கணக்கில் கழிந்த பிறகு. இடையில் பஞ்சாப் ராணுவச் சட்டத்தின்கீழ் சவுக்கடியும் சிறையும் அனுபவித்திருந்தது. தடைசெய்யப்பட்ட கூட்டத்தில் என் மகன் இருந்தான் என்று அதே அரசின் முன் வந்து சொல்ல எத்தனை குடும்பங்கள் துணிந்திருக்கும்? வெளியூர்களிலிருந்து வந்து இறந்தவர்களுக்காக யார் வந்திருப்பார்கள்? காங்கிரஸ் குழு ஆயிரத்தை ஒட்டிய எண்ணைச் சொன்னது. இங்கே 379 என்பது குறைந்தபட்சம்; அதற்குக் கீழே போக முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. போஸ்னியாவின் பட்டியலோ அச்சம் நீங்கிய பிறகு, பல ஆண்டுகள், எல்லாத் தரப்பினரிடமும் திரட்டப்பட்டது. இரண்டும் பெயர்ப் பட்டியல்கள்தாம், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்க இயலாது.

யாருடைய சாவு துல்லியமாகத் தெரிகிறது, யாருடைய சாவு மதிப்பீடாகவே நின்றுவிடுகிறது என்பதிலும் ஓர் அநீதி உண்டு. தமிழர்களாகிய நமக்கு அது சயாம் மரண ரயில் பாதையில் மிகத் தெளிவாகத் தெரியும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அந்தப் பாதையைப் போட்டபோது, நேச நாடுகளின் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள். காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாத் ஆகிய இடங்களில் உள்ள போர்க் கல்லறைகளில் அவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயரும் படைப்பிரிவும் பொறித்த கல் இருக்கிறது. கைதிகளின் படையில் அதிகாரிகள் இருந்தார்கள். ஏடுகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். போர் முடிந்ததும் அவர்களுடைய அரசுகள் தேடிவந்தன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும், மலாய்க்காரர்களும், பர்மியரும், ஜாவானியரும் இறந்தார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் எண் 80,000 முதல் ஒரு லட்சம் வரை. அந்த இருபதாயிரத்தின் இடைவெளி மட்டுமே, இறந்த போர்க்கைதிகள் அனைவரின் தொகையைவிடப் பெரியது.

இந்த மங்கலைக் காட்டி, உங்கள் எண்ணுக்கு உறுதியான ஆதாரம் இல்லையே என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு உள்ளம் கொதிக்கிறது. உறுதியான ஆதாரம் இல்லாமல் போனதும் அந்த மக்களுக்கு இழைக்கப்பட்டதன் ஒரு பகுதிதான். அதற்காக ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாக்கிச் சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன். இடைவெளி பெரிதாக இருந்தால் பெரிதாகவே சொல்ல வேண்டும். ஏன் பெரிதாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணப்படாதவர்களையும் ஓரளவு கணிக்கும் வழி இப்போது இருக்கிறது. பெரு நாட்டில் 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டுப் போரை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2003இல் தன் அறிக்கையை அளித்தது. ஆணையத்திடம் சொல்லப்பட்ட சாவுகளும் காணாமல்போதல்களும் சுமார் 24,000. ஆனால் வேறு அமைப்புகளும் தனித்தனியே பட்டியல்கள் வைத்திருந்தன. அந்தப் பட்டியல்களைப் பெயர்பெயராக ஒப்பிட்டு, ஒன்றில் இருப்பவர்களில் எத்தனை பேர் மற்றொன்றிலும் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தனித்தனியே திரட்டிய இரண்டு பட்டியல்களில் பெரும்பாலான பெயர்கள் பொதுவாக இருந்தால், விடுபட்டவர்கள் குறைவு என்று கொள்ளலாம். பொதுப் பெயர்கள் குறைவாக இருந்தால், எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்று பொருள். இந்த வழியில் வந்த மொத்தம் 69,280. அதுவரை நாடு நம்பியிருந்ததைப் போல இரண்டு மடங்கு. இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைப் பேசிய மலைநாட்டு ஏழைகள். தலைநகரம் அவர்களை இழந்ததை அறியவே இல்லை. 2019இல் வேறொரு ஆய்வாளர் அதே தரவுகளை எடுத்துக்கொண்டு 48,000 அளவு என்று மறுகணக்குப் போட்டார். அதற்கும் மறுப்பு எழுந்தது. இந்தச் சண்டையை நான் வரவேற்கிறேன், ஏனென்றால் இரண்டு தரப்பும் ஒரே பட்டியல்களை மேசைமேல் வைத்துக்கொண்டு முறையைப் பற்றிப் பேசுகின்றன.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியைப் பற்றிப் பேசுவதற்குத்தான் இவ்வளவும் எனக்குத் தேவைப்பட்டது. 2009இல் முடிந்த இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றி 7,721, 40,000, 70,000, 1,46,679 என்று நான்கு எண்கள் நம்மிடையே புழங்குகின்றன. ஒவ்வொரு எண்ணையும் ஒரு கட்சிக் கொடியாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். ஆனால் அவை நான்கும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல.

7,721 என்பது வன்னிக்குள் எஞ்சியிருந்த தொடர்புகளைக் கொண்டு ஐக்கிய நாடுகள் சபையின் இலங்கை அலுவலகம் 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை தொகுத்த, உறுதிசெய்ய முடிந்த சாவுகளின் தொகை. மிகக் கொடிய கடைசி நாட்கள் அதில் இல்லை; பார்த்துச் சொல்ல ஆளில்லாத இடங்களும் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் அமர்த்திய நிபுணர் குழுவே 2011 அறிக்கையில் அது குறைவாக இருக்கக்கூடும் என்று காரணங்களோடு சொல்லிவிட்டு, பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கலாம் என்று நம்பத்தக்க தரப்புகள் மதிப்பிட்டிருப்பதாகக் குறித்தது. 70,000 என்பது 2012இல் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வில் வருவது. கணக்கில் வராதவர்களைப் பற்றியது. 1,46,679 என்பது மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன் வைத்தது. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் என்று கச்சேரிகள் எனப்படும் மாவட்டச் செயலகங்கள் பதிந்த 4,29,059 பேரிலிருந்து, 2009 ஜூலைக்குள் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்த 2,82,380 பேரைக் கழித்து, எஞ்சியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் விளக்கம் கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. நம்மவர்கள் அதைக் கொலை எண்ணிக்கையாக மாற்றிச் சொல்லும்போது, ஓர் அரசு பதில்சொல்லியே தீர வேண்டிய கேள்வியை, எதிர்த்தரப்பு எளிதாக மறுத்துவிடக்கூடிய கூற்றாக மாற்றிவிடுகிறோம். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு.

கச்சேரிக் கணக்கு நிவாரணத்துக்காக ஊதிப் பெருக்கப்பட்டது என்பது அரசுத் தரப்பின் வாதம். அதை ஆராயாமல் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தரப்பின் சொந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதை உரைத்துப் பார்க்கவும் நமக்கு வழி இருக்கிறது. 2009இன் தொடக்கத்தில் வன்னிக்குள் இருப்பவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள் என்று சொல்லி, அதற்கேற்ப உணவும் மருந்தும் அனுப்பினார்கள். பின்னர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ ஏறத்தாழ 2.8 லட்சம். தன் குடிமக்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை இவ்வளவு குறைத்துச் சொன்ன தரப்பு, எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லும்போது அதைப் புதிய சோதனை எதுவும் இல்லாமல் ஏற்க முடியாது. அதேபோல, போர்ப் பகுதி மருத்துவமனைகளில் பணியாற்றிய மருத்துவர்கள் தாங்கள் முன்பு சொன்ன எண்களை 2009 ஜூலையில் பத்திரிகையாளர்கள் முன் மறுத்ததைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த மறுப்பு அவர்கள் அரசுக் காவலில் இருந்தபோது வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் அதை மேற்கோள் காட்டுவது நேர்மையன்று.

இந்த இடைவெளியைச் சுருக்க முடியாது என்று நான் நினைக்கவில்லை. கிராம அலுவலர்களின் குடும்ப விவரங்கள், உணவுப் பங்கீட்டு அட்டைகள், மருத்துவமனை ஏடுகள், முகாம்களில் நுழைந்தபோது எழுதப்பட்ட பதிவுகள், காணாமல்போனோரின் உறவினர்கள் கொடுத்த முறைப்பாடுகள், கப்பலில் ஏற்றிக் காயப்பட்டவர்களை வெளியேற்றிய செஞ்சிலுவைச் சங்கத்தின் குறிப்புகள், கடல்கடந்து வாழும் குடும்பங்கள் தாமே எழுதிவைத்திருக்கும் பட்டியல்கள் என்று பெயர் உள்ள பல தொகுப்புகள் இருக்கின்றன. பெருவில் செய்ததைப் போல அவற்றைப் பெயர்பெயராக ஒப்பிட்டால், இரட்டிப்பாக எண்ணப்பட்டவர் யார், இந்தியாவுக்குத் தப்பிச் சென்றவர் யார், ஆயுதம் ஏந்தியவர் யார், எந்த ஏட்டிலும் மீண்டும் தோன்றாதவர் யார் என்று பிரித்தறியலாம். அந்த வேலையில் ஒரு பகுதியை, அரசின் அனுமதிக்குக் காத்திருக்காமல், ஊர் ஊராகவும் குடும்பம் குடும்பமாகவும் நாமே செய்ய முடியும்: இறந்தவரின் பெயர், பிறந்த ஆண்டு, சொந்த ஊர், கடைசியாகப் பார்த்த இடமும் நாளும், பார்த்தவர் யார், சொன்னவர் யார் என்ற விவரங்களோடு, ஒருவர் திரட்டியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே எழுதி வைத்தால், ஒப்பிடும் நாள் வரும்போது அந்தப் பட்டியல்கள் ஒன்றையொன்று சோதிக்கும்.